கோரைக்குள் ஒரு கூடு

பங்குனி பிறந்ததும் ஏரிக் கோரைக்குள் நீர்க்கோழி ஐந்து முட்டை இட்டிருந்தது. படம் எடுக்க வந்தவர், கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று முன்னாலிருந்த கோரையை அறுத்துத் தள்ளினார். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு, கரைக்குத் தொப்பி எடுக்கப் போனார்.

"யாரைக் கேட்டுடா அறுத்தீங்க?" என்று கேமராவைப் பார்த்துச் சீறியது நீர்க்கோழி.

"கோபப்படாதேம்மா, நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றது கேமரா. "உன் முட்டையை ஊரே ரசிக்கப் போகுது!"

ரசிக்க முதலில் வந்தது ஒரு காகம். கேமராவின் தலைமேல் வசதியாக உட்கார்ந்து, "அடடா, இத்தனை நாளா இது என் கண்ணில் படலையே!" என்றது.

நீர்க்கோழிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பாய்ந்து போய் ஸ்டாண்டின் காலை உதைத்தது. சேற்றில் நின்ற கால் சரிந்தது. காகம் பதறிப் பறக்க, கேமரா தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்று அலறியது கேமரா.

"தெரியவே வேண்டாம்" என்ற நீர்க்கோழி, அறுபட்ட கோரையை ஒவ்வொன்றாக இழுத்துவந்து கூட்டைச் சுற்றிச் செருகத் தொடங்கியது.