களை எடுக்காதது

பாதி ட்ரே சுத்தமான பிறகுதான், தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நீலாயதாட்சி பார்த்தாள்.

பிடுங்கிய கோரையெல்லாம் மேசை ஓரத்தில் கிடந்தது. வரப்பில் எடுத்துப் போடுவதுபோலவே போட்டிருந்தாள். வேர்மண்ணைக்கூட உதறித்தான் போட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து ஹாலில் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளின் கண்காட்சி. மகள் விஷ்ணுப்ரியா பதினொன்றாவது படிக்கிறாள். அவள் மேசையில் இரண்டு ட்ரே. இரண்டிலும் ஒரே நெல், ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்றில் களை எடுத்து வந்தாள். இன்னொன்றில் எடுக்காமல் விட்டாள். எது எவ்வளவு உயரம் வளர்ந்தது, எத்தனை தூர் கட்டிக் கிளைத்தது என்று அளந்து, படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

"டீச்சரக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். நீ இங்கயே உக்காந்து பாத்துக்க. ஒருத்தரையும் தொட விடாதம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நீலாயதாட்சி தலையை ஆட்டினாள். ட்ரேயின் முன்னால் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தும் பார்த்தாள். களை எடுக்காதது.

படித்தது கண். கைக்கு எழுத்துத் தெரியாது.

அவள் கூலிக்குப் போகிற நெரவிப் பக்கம் இப்போது களையெடுப்பு. நேற்று வரைக்கும் முதுகு நிமிரவில்லை. வருடா வருடம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்பாள், அன்றைக்குப் பார்த்து வேலை வந்துவிடும். இந்த வாசலுக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். மேலே காற்றாடி சுற்றியது. சும்மா உட்கார்ந்திருக்கிறவள் கண்ணெதிரே ஈரமண்ணில் நெல்லும் கோரையும் நின்றால், கை வேறு என்ன செய்யும்.

அடுத்த மேசையில் எரிமலை. அதைச் செய்த பிள்ளையின் அப்பா அன்பழகன், கோவில்பத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு இவ்வளவு நேரமும் வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"என்னக்கா, இங்கயும் வேல நடக்குதா. கூலி யாரு தர்றா, ஹெச்.எம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவர்கள் மூன்று மேசை தள்ளி நின்றார்கள். இங்கே தேர்வாகிறவர்கள் பாண்டியில் நடக்கிற பெரிய கண்காட்சிக்குப் போவார்கள். போன தடவை பிரியா ஒரு மோட்டார் செய்தாள். இரண்டு வாரம் வீட்டில் ஓடிய மோட்டார், நடுவர்கள் வந்து நின்ற நேரம் ஓடவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த வருடம் பன்னிரண்டாவது. போட்டி கீட்டி என்று எதற்கும் விடமாட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த ஒரு தடவைதான்.

அதை அவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

ஒரு கோரையை எடுத்து மண்ணில் திரும்ப ஊன்றினாள். நடவு நட்ட கைதான், நின்றது. அடுத்ததை ஊன்றும்போது முதலாவது தலை சாய்ந்தது. பிடுங்கிய களை மறுபடி பிழைத்துவிடக் கூடாது என்று வேரை முறித்தே எடுத்துப் பழகிய கை.

ட்ரேயைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். மொட்டையான பக்கம் நடுவர்கள் வரும் பக்கமாகப் போயிற்று. மறுபடி திருப்பினாள். சுவரில் ஒட்டிய படத்தில் கோரை காடாக நின்றது.

அன்பழகன் இப்போது சிரிக்கவில்லை. "விடுக்கா, அவுங்க எங்க உத்துப் பாக்கப் போறாங்க" என்றார். அவர்கள் எரிமலையை உற்றுத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரியா டீச்சரோடு வந்து சேர்ந்தாள். நடுவர்களும் அங்கே முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மகள் ட்ரேயைப் பார்த்தாள். மேசை ஓரத்துக் கோரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். நீலாயதாட்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிரியா, நான் வேணும்னு..."

"கொஞ்சம் தள்ளும்மா."

குனிந்து மேசைத் துணியைத் தூக்கினாள். அடியிலிருந்து இன்னொரு ட்ரேயை இழுத்து மேலே வைத்தாள். கோரை மண்டிக் கிடந்தது. நடுவில் நெல் வெளுத்து, மெலிந்து நின்றது. ஒரு புல்கூடக் குறையவில்லை. அம்மா கை வைத்த ட்ரேயைக் கீழே இறக்கினாள். அதிலிருந்த சீட்டைப் பிய்த்து இதில் ஒட்டினாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்று ஆரம்பித்தாள்.

அவள் பேசியதில் பாதி நீலாயதாட்சிக்கு விளங்கியது. மீதி இங்கிலீஷில் போயிற்று. அவர்கள் கேட்கக் கேட்க அவள் நிற்காமல் சொன்னாள். கண்ணாடி போட்ட பெரிய நடுவர் நெல்லை விரலால் விலக்கித் தூரை எண்ணினார். படத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"பஸ்ல ஏத்துறப்ப மண்ணு கொட்டாமப் பாத்துக்குங்க. பாண்டி வரைக்கும் போவணும்ல."

நீலாயதாட்சி நாற்காலியில் மெல்லச் சாய்ந்தாள். சாய்வதற்கு அதில் ஒரு முதுகு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பத் திரும்பிய பெரிய நடுவர் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அது என்னம்மா, பாதி எடுத்து, பாதி எடுக்காம? படத்துல இது இல்லியே?"

பிரியா அம்மா பக்கம் திரும்பவில்லை.

"அது எங்கம்மாவுக்கு சார். இந்த வருசம் வர்றேன்னு சொன்ன அன்னிக்கே தனியாப் போட்டு வச்சேன்."