சாரத்து மடியில ஒரு ஸ்பிரிங்

துப்பாக்கியோட மேல்பாதியையும் கீழ்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது ரெண்டு பின்தான். பழசு தேய்ஞ்சு லொடலொடன்னு ஆடுச்சுன்னு முகாமுக்குப் புதுசு வந்திருந்தது. ரிப்பேர் பார்க்கிற சேசையா சாரம், அதான் லுங்கி, கட்டிக்கிட்டுதான் உக்காருவார். சின்னச் சாமான் தெறிச்சா மடியில விழும். இன்னைக்கும் பின்னைப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங் தெறிச்சுது. ஆனா பதற்றத்துல தரையில தேடினார். அது இல்லேன்னா பின் நழுவி, சுடும்போது துப்பாக்கி ரெண்டா மடங்கிடும்.

"எவ்வளவு நேரம் தரையைக் கும்பிடுவீக அண்ணாச்சி? வண்டி வந்துட்டு," ன்னான் காவலுக்குப் போற மாசானம்.

கட்டிலுக்கடியில ஒரு ஸ்பிரிங் கிடைச்சுது. ஊதி உள்ளே வச்சுப் பின்னை மாட்டினார். சரியா உக்காந்துது. மாசானம் துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டியேறினான்.

சேசையா எழுந்து சாரத்தை உதறினார். கால்ல ஒரு ஸ்பிரிங் விழுந்துது.

கட்டில்ல மாசானத்தோட உடைஞ்ச லைட்டர் கிடந்தது. கவுத்துப் பார்த்தார். அதுக்குள்ளே கல்லைத் தள்ளுற ஸ்பிரிங் இல்லை.

வயர்லெஸ்ல கூப்பிட்டார். "மாசானம், எங்கல இருக்கே?"

"கேட்டுக்கு வந்தாச்சு அண்ணாச்சி. செத்த இருங்க, யாரோ வாராங்க."