ஓரத்தில் ஒரு சின்னக் காலடி

"இந்தக் குட்டிக் கால் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

நாணயச்சாலையின் கண்காணிப்பாளர், மாதிரிக்காக அடித்த நாணயத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டார். எதிரே நின்றவள் நாணய அச்சு செதுக்குபவள். 'உளி அக்கா' என்றுதான் அங்கே எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். கையில் ஒட்டியிருந்த சுண்ணச் சாந்துப் பொடியைத் தட்டிக்கொண்டாள்.

நாட்டின் பழமையைக் கொண்டாடும் நினைவு நாணயம் அது. ஒரு பக்கம், நாட்டில் முதன்முதலாகப் புழங்கிய காசின் உருவம். மறுபக்கம், எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு பெரிய விலங்கு ஈரச் சேற்றில் பதித்துப்போன காலடி. சேறு கல்லாகிவிட்டது. விலங்கு இன்று உலகத்தில் எங்குமே இல்லை. அனுமதி வாங்கிய படத்தில் அந்த ஒற்றைக் காலடிதான் இருந்தது. நாணயத்திலோ அதன் ஓரத்தில், ஒட்டினாற்போல, பொட்டளவில் இன்னொன்று.

மாதிரிகளில் ஒன்றை நேற்று மாலை, அந்தக் கல் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தார். விடிந்ததும் விடியாததுமாகத் தொலைபேசி அலறியது. அங்கிருக்கும் ஆராய்ச்சியாளர் அம்மா நேரிலேயே வந்துகொண்டிருக்கிறார். மத்தியானம் அச்சடிப்பு தொடங்கியாக வேண்டும்.

"கல்லுல இல்லாததைப் போட்டா அது கள்ளக் காசும்மா! அந்தம்மா ஒத்துக்கலைன்னா உன் வேலை போயிடும். கையெழுத்துப் போட்டு அனுப்பின என் மானமும் சேர்ந்து போகும்."

"அவங்க வரட்டும் சார்."

கண்காணிப்பாளருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இழுப்பறையைத் திறந்தார். விடுப்பு விண்ணப்பமாக இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று போட்டுவைத்த மூன்று பழுப்பு உறைகளை ஒதுக்கி, அடியிலிருந்த மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினார்.

கீழ்த்தளத்தில் சில்லறைக் காசு அடிக்கும் இயந்திரத்தின் அதிர்வு தரை வழியாக உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினார். மழை விட்ட ஒரு சேற்று வெளி தெரிந்தது. வெள்ளைப் பனிக்குள் மலைபோல ஓர் உருவம் அசைந்து அசைந்து போகிறது. அதன் காலோரமாக ஒரு குட்டி, ஓடுவதும் நிற்பதுமாக. ஒரு நிமிஷம் அந்தக் குட்டி நிஜமாக இருந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றியது. சட்டென்று கண்ணைத் திறந்துகொண்டார்.

உளி அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். பிள்ளை இல்லை. பாவம்.

"உன் மனசு எனக்குப் புரியுதும்மா. அது ஒத்தையா நடந்து போறதைப் பார்த்ததும் பக்கத்துல ஒரு குழந்தையை விடணும்னு தோணியிருக்கும். ஆனா நம்ம ஏக்கத்தையெல்லாம் அரசாங்க நாணயத்துல அடிக்க முடியுமா, சொல்லு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஆராய்ச்சியாளர் அம்மா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "யார் செஞ்ச வேலை இது?"

"நான்தாங்க. என் அறைக்கு வாங்க, காட்டறேன்."

அறையில், அருங்காட்சியகமே கொடுத்தனுப்பிய சாந்து வார்ப்பு மேசைமேல் இருந்தது. கல்லின் அச்சு அசல். உளி அக்கா திரையை இழுத்துவிட்டுக் கைவிளக்கை வார்ப்புக்கு மேலே பிடித்தாள். பெரிய காலடி மட்டும் தெரிந்தது. பிறகு விளக்கைச் சாய்த்து, மெல்ல மெல்ல மேசை விளிம்புக்கு இறக்கினாள்.

நிழல் நீண்டது. வெறும் பரப்பாக இருந்த இடத்தில் முதலில் ஒரு குதிகால் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக விரல்கள்.

"தேஞ்ச காசை இப்படித்தாங்க படிப்போம். மேலேருந்து பார்த்தா வெறும் தகடு. வெளிச்சத்தைச் சாய்ச்சா மூக்கு, காது எல்லாம் எழுந்து வரும். அந்த முதல் காசை இப்படித்தான் படிச்சேன். அதே விளக்குல இந்தக் கல்லையும் பார்த்தேன்."

விளக்கு ஏறியது, குட்டி மறைந்தது. இறங்கியது, வந்து நின்றது.

ஆராய்ச்சியாளர் அம்மா அந்தச் சின்னக் காலடியைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"நாப்பது வருஷமா எங்க கூடத்துல கிடக்குற கல்லு. தனியாப் போகலை, பிள்ளையோட போச்சுன்னு எங்க யாருக்குமே தெரியாமப் போச்சே! இந்த நாணயம் இப்படியே போகட்டும் சார்."

கண்காணிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்க உளி அக்கா கண்ணுன்னா சும்மாவா? நான் அப்பவே நினைச்சேன்" என்றார் கூச்சமில்லாமல்.

"ஆனா, ஏன்மா," ஆராய்ச்சியாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார், "இவ்வளவு பெரிய விஷயத்தை எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே? நாணயத்துல செதுக்கித்தானா சொல்லணும்?"

உளி அக்கா விளக்கை அணைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அடக்கியது அழுகையை அல்ல, சிரிப்பை என்று கண்காணிப்பாளருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மூணு தடவை எழுதினேங்க. இங்கிருந்து எது வெளியே போனாலும் சார் கையெழுத்தோடதான் போகணும். மாதிரி நாணயப் பெட்டிக்கு மட்டும்தான் அவர் உடனே போட்டுடுவார்."

கண்காணிப்பாளருக்கு மறுபடியும் தலை தெறித்தது. மாத்திரையோ, அந்த மூன்று பழுப்பு உறைகளுக்கு அடியில் இருந்தது.