ஸ்டெப்னி அய்யாக்கண்ணு

நெல் கொள்முதல் நிலையத்து மேசையில் கிடந்த பதரைத் தள்ளிவிட்டுப் பெட்டியை அதன்மேல் வைத்தேன்.

"பிரிக்காத பாப்பா. வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் அப்பா.

எனக்கு மட்டும் கேட்கிற குரல். பண்ணை வீட்டுக்காரர்கள் நிற்கிற இடத்தில் அவருக்கு எப்போதும் அந்தக் குரல்தான் வரும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் என்னவென்று பார்க்க எழுந்து வந்தார்கள். எடை போடும் ரெத்தினமும் வந்தார். வரட்டும். நாலு பேர் பார்க்க நடந்த அநியாயத்துக்கு நாலு பேர் பார்க்கத்தான் பதில் வர வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் பஞ்சநதம் நின்றார். பண்ணை வீட்டுச் சின்னய்யா. இப்போது அவர் வீட்டு நெல்லும் எல்லார் நெல்லோடும் வரிசையில்தான் கிடக்கிறது. நான் அவரைச் சின்னய்யா என்று கூப்பிடவில்லை.

"இது என்னன்னு தெரியுதா சார்?"

தெரிந்துவிட்டது. முகமே சொன்னது.

மூடியில் சிவப்புக் கார். மேல்கூரை கிடையாது. பின்னால் நிமிர்த்தி வைத்த ஸ்டெப்னி. இதே மாதிரி ஒரு பெட்டியைத்தான் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்தார். உள்ளே முழுக் கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக, கொடியில் காய் தொங்குகிற மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக ஒடித்துப் பசை தடவி ஒட்ட வேண்டும்.

சின்னய்யா கூடத்தில் உட்கார்ந்து ஒட்டுவார். மாட்டுக்கொட்டகையில் சாணி வாரப் போகும் நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பேன். விரட்டினாலும், வைக்கோல் போட வரும் அப்பா இழுத்துப்போனாலும், திரும்பி வருவேன். அந்தக் காரின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ஒட்டி முடித்த அன்று அவருடைய அப்பா, பெரியய்யா, காரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காரில் ஸ்டெப்னி இல்லை.

கூலி நெல்லில் அரைப்படி கூட்டித் தந்தால்தான் ஆச்சு என்று எங்கள் தெரு அறுப்பை நிறுத்தியிருந்த வருஷம் அது. தெருமுனையில் செங்கொடியை நட்டது என் அப்பா. பண்ணைக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வைக்கோல் போட உள்ளே வந்தவன் நீதானே என்று அப்பாவை இழுத்துவந்து, இதே களத்தில், அதோ அந்தப் பூவரசில் கட்டினார்கள்.

அடித்ததைக்கூட நான் பெரிசாக நினைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் அடி வாங்காதவர் யார்? ஆனால் அம்மாவின் கையை உதறிவிட்டு நான் கூட்டத்துக்குள் புகுந்து வந்து நின்றபோது, அதுவரை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த அப்பா, "நான்தான் எடுத்தேன், வாய்க்கால்ல போட்டுட்டேன்" என்றார்.

மறுநாளே கொடி இறங்கியது. திருடனை முன்னால் நிறுத்தி யார் கூலி கேட்பது?

அப்பாவுக்கு ஸ்டெப்னி அய்யாக்கண்ணு என்று பேர் விழுந்தது. நான் ஸ்டெப்னி மகள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர், என்னைப் பெண் பார்க்க வந்த இடத்திலும் அந்தப் பேர். வீட்டில் அந்தப் பேச்சை அப்பா எடுத்ததே இல்லை. நானும் கேட்டதில்லை. அடிக்குப் பயந்து எடுக்காததை எடுத்தேன் என்றாரே என்று இத்தனை வருஷமும் அவர்மேல் எனக்குக் கோபம்.

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நாகூரில் ஃபாரின் சாமான் விற்கும் கலந்தர் பாயைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் காரா, வேறு கார் தரட்டுமா என்பார். இதே கார்தான் வேண்டும் என்பேன். பினாங்குக் கப்பல் நின்றுபோன பிறகும் அவரை நான் விடவில்லை. கடைசியில் பினாங்கில் மூடிக் கிடந்த ஒரு கடையின் பரணிலிருந்து இது வந்து சேர்ந்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கிழியவில்லை. நானும் கிழிக்கவில்லை.

உள்ளே ஸ்டெப்னி இருந்துவிட்டால்? அதையும் யோசித்தேன். இருந்தால், இந்த ரப்பர் வளையத்துக்கா ஒரு மனுஷனை மரத்தில் கட்டினீர்கள் என்று கேட்பேன். இல்லாவிட்டால் வேறு கேட்பேன். கேட்காமல் போவதாக இல்லை.

"நீங்களே பிரிங்க சார். நான் கை வச்சா அதுக்கும் ஒரு பேர் வைப்பீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

பஞ்சநதம் பிரித்தார். சட்டங்களை எடுத்து மேசையில் பரப்பினார். கதவு, விளக்கு, ஸ்டியரிங், சீட்டு. ஒரு பொட்டலத்தில் டயர். நாலு. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். தூசிதான் விழுந்தது.

படத்தில் இருந்தது பெட்டியில் இல்லை. அன்றைக்கு வந்த பெட்டியிலும் இருந்திருக்காது. படம் போட்டவன் அழகுக்காகப் போட்டுவைத்த ஸ்டெப்னி அது.

"அடப்பாவிங்களா," என்றார் ரெத்தினம். பஞ்சநதம் டயர்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா பக்கம் திரும்பினேன். "இப்ப சத்தமா சொல்லுப்பா, நான் எடுக்கலைன்னு."

அவர் பஞ்சநதத்தைப் பார்க்கவில்லை. மேசையையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"அப்ப நீ எடுக்கலையா பாப்பா?"