திரும்பாத பொம்மை

தெய்வானையும் மும்தாஜும் ரயில் அருங்காட்சியகத்துக்குச் சம்பளமில்லாமல் கட்டிக்கொடுத்த பொம்மை ஸ்டேஷன், எந்த நாளைக் கேட்டாலும் அன்று நடந்ததை நடந்தபடியே நடத்திக் காட்டும்.

“உங்கண்ணன் ஊரை விட்டுப் போன நாளைப் போடட்டுங்களாக்கா?” என்று கேட்டாள் மும்தாஜ்.

“போடு புள்ள. என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம ஏறிப் போனான். அதுக்குத்தான் கடைசிவரைக்கும் பேசலை, எழவுக்கும் போகலை.”

விரலளவு அண்ணன் ரயிலேறினான். வண்டி நகர்ந்ததும் கதவோரம் நின்று, வளைவு மறைக்கும்வரை நடைமேடையைப் பார்த்துக் கையாட்டினான்.

“யாருக்குங்கக்கா கையாட்டுறாரு? பிளாட்பாரத்துல யாருமே நிக்கலீங்களே. பச்சைத் தாவணி கட்டுன பொண்ணொருத்தி மட்டும் விறுவிறுன்னு வெளிய போறா.”

அந்தப் பச்சைத் தாவணி தெய்வானையுடையது. அவள் விரலை நீட்டி, பெண்பொம்மையை ரயில் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

“பாருடி, கையாட்டுறான்.”

பொம்மை மறுபடியும் வெளிவாசலைப் பார்த்தே நடந்தது.