எந்தத் தொட்டி?

2009 மே. வன்னியில் போர் முடிந்த வாரம். ரொறன்ரோக் கல்லூரி ஒன்றின் கன்ரீன் வாசலில் மறுசுழற்சித் தொட்டிகளுக்குக் காவல் நின்றாள் மதுரைக்காரி நிவேதிதா. மாற்றிப் போட்டால் யாரையும் விடமாட்டாள்.

வகுப்புத் தோழன் அகிலன் கோப்பி குடித்த கப்பை நீலத் தொட்டியில் போட்டான்.

"அகிலன், அது உள்ளே பூச்சு இருக்கிற கப். குப்பையில போடு."

மாற்றிப் போட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீலத் தொட்டியிலேயே போட்டான்.

"ஐயோ, அதுவும் தப்பு!" அவளே குனிந்து எடுத்தாள். "போன் கார்டு! நம்பரைச் சுரண்டவே இல்லையே? தெரியாம போட்டுட்ட."

"தெரிஞ்சுதான் போட்டனான். வன்னியிலை இருந்த அம்மாவோட கதைக்க வாங்கினது. இனி அங்கை போன் எடுக்க ஒருத்தரும் இல்லை. உது எந்தத் தொட்டிக்கெண்டு சொல்லும், போடுறன்."