ஓர் உருட்டுக்கு ஓர் ஆள்

அவர் மவுஸின் சக்கரத்தை ஒரு முறை உருட்டினார்.

திரையில் தாத்தாவின் படம் மேலே போனது. அப்பா வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. திரை முழுக்க அவர் மட்டும்.

அவருடைய பாத்திரக்கடையின் புதிய மாடிக்கு இன்று திறப்பு. கடையின் இணையதளத்துக்கும் இன்றுதான். சொந்தபந்தம் எல்லோரும் மாடியேறி வந்து, சுவரில் இருக்கும் இந்தப் பெரிய திரையில் குடும்பத்தைப் பார்ப்பார்கள்.

இளைய மகன் கோமதிநாயகம் செய்த தளம். முதலில் எல்லாத் தளங்களையும் போல இதுவும் சரசரவென்று ஓடியது. அவருக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டு ஆட்களை எவனும் போகிறபோக்கில் தள்ளிவிட்டுப் போகக் கூடாது என்றார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்ற பிறகே அடுத்தவரிடம் போக வேண்டும்.

அப்படியே செய்து கொடுத்தான். எவ்வளவு வேகமாக உருட்டினாலும் ஓர் உருட்டுக்கு ஓர் ஆள். வந்தவர் சற்று நேரம் நிற்பார். அதற்குமுன் திரை நகராது.

உருட்டினார்.

அவரும் மனைவியும்.

"இந்தப் பட்டுல நான் குண்டாத் தெரியுதேன்," என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"பட்டு மேல பழியப் போடாதம்மா," என்றான் மகன்.

உருட்டினார். மூத்த மகன்.

உருட்டினார்.

யாரும் இல்லை.

அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்த சந்தன நிறம். விளிம்பிலிருந்து விளிம்பு வரை அது மட்டும்.

மறுபடி உருட்டினார். பலமாக. இன்னும் பலமாக.

திரை அசையவில்லை. நின்றது.

"என்னல இது?"

"வடிவு அக்கா இடம்ப்பா." அவன் குரல் இறங்கியது. "படத்தையும் பேரையும் எடுக்கச் சொன்னீங்க. எடுத்துட்டேன். இடம் அப்படியே கெடக்கு."

வடிவு. தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு படியிறங்கிப் போன மகள். அதன் பிறகு அந்தப் பெயர் வீட்டுக்குள் ஒலித்ததில்லை. வெளியே யாராவது கேட்டால், எனக்கு இரண்டு பையன்கள் என்பார். குரல் பிசகாது.

படம் இருந்திருந்தால்கூட முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது வருகிறவர்கள் அத்தனை பேரும் இந்த வெற்றிடத்தின் முன் நிற்பார்கள். அவர் நிற்கச் சொன்னபடி.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மகன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"அத்தை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. அந்த இடத்தையும் எடுத்துரட்டாப்பா? ஒரு நிமிசம் போதும்."

எடு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. மவுஸின் மேல் இருந்த அவர் கையின் மேல் அமர்ந்தது. வளையல்கள் சரிந்து மணிக்கட்டில் மோதின.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, ஒற்றைக் கையாலேயே மறுபடி மாட்டிக்கொண்டாள். வெறும் சந்தன நிறத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இருங்க," என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."

படிக்கட்டில் பேச்சும் சிரிப்பும் ஏறி வந்தன.

அவர் விரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது.